வண்டிக்கு முடியலையா, மாட்டேங்குதா? புது டீசல் லாரியும் யூரியா கணக்கும்

"அக்கா, வண்டி இழுக்கல."

லாரி வைத்திருக்கும் வீட்டில் ராத்திரி வரக்கூடாத போன்களில் இது இரண்டாவது. முதலாவது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

எங்களிடம் மூன்று லாரிகள். இரண்டு பழசு, ஒன்று பிஎஸ்6, அதாவது புதிய புகை மாசு விதிப்படி வந்த வண்டி. மதுரை பக்கம் கப்பலூரில் ஏற்றித் தூத்துக்குடியில் இறக்குவோம். சீசன் வந்தால் தேனி, கம்பம் பக்கமிருந்து வாழையும் காய்கறியும் மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு வரும். அப்பா வண்டியைப் பார்ப்பார், நான் கணக்கைப் பார்ப்பேன். ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லாத நான் இதை எழுதக் காரணம் ஒன்றுதான். புது வண்டியின் நோயில் பாதியைக் கணக்கு நோட்டிலேயே பார்த்துவிடலாம் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

பழைய வண்டி இழுக்கவில்லை என்றால் அதற்கு முடியவில்லை என்று அர்த்தம். ஃபில்டர் அடைத்திருக்கும், பம்ப் தேய்ந்திருக்கும், எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ போயிருக்கும். புது வண்டி அப்படியல்ல. எஞ்சின் கல்லுப்போல இருக்கும், டீசலும் காற்றும் குறைவில்லாமல் போகும், ஆனாலும் ஏற்றத்தில் இரண்டாவது கியரைத் தாண்டாது. புகை சுத்தமாகப் போகவில்லை என்று உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வந்து, அதுவே எஞ்சினைப் பிடித்து வைத்திருக்கும். ஆகவே போன் வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: வண்டிக்கு முடியலையா, இல்லை மாட்டேங்குதா? இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பட்டறையில் பாதிப் பணம் மிச்சம்.

யூரியா எதற்கு

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்கப் புது வண்டிகளுக்கு பிஎஸ்6 விதி வந்தது. பிஎஸ்4-இலிருந்து நேராக 6-க்குத் தாவினார்கள், நடுவில் 5 கிடையாது. கனரக டீசல் எஞ்சின் ஒரு கிலோவாட்-மணி வேலைக்கு பிஎஸ்4-இல் 3.5 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு வரை வெளியே விடலாம். பிஎஸ்6-இல் அது 0.46 கிராம். இந்த நைட்ரஜன் ஆக்சைடைத்தான் மெக்கானிக்குகள் நாக்ஸ் என்கிறார்கள். கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும் தரும் வாயு.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. நாக்ஸ் என்பது டீசலில் இருக்கும் அழுக்கு அல்ல. நாம் சுவாசிக்கும் காற்றில் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் எஞ்சினின் கடும் சூட்டில் சேர்ந்து உண்டாவது. எஞ்சின் நன்றாக, சூடாக எரித்தால் மைலேஜும் வரும், நாக்ஸும் வரும். எண்ணெய் காய்ந்தால்தான் அப்பளம் பொரியும், கருகுவதும் அதே சூட்டில்தான்.

அதனால் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று ஈஜிஆர்: வெளியே போகும் புகையில் கொஞ்சத்தைக் குளிரவைத்து மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பி எரியும் சூட்டைக் குறைப்பது. இன்னொன்று எஸ்சிஆர்: நாக்ஸ் உண்டானபின் சைலன்சரில் வைத்து அதை முறிப்பது. இந்த இரண்டாவது வேலைக்குத்தான் யூரியா. பல பிஎஸ்6 லாரிகளில் இரண்டும் இருக்கும். சிறிய வண்டிகள் சிலவற்றில் யூரியாவே இருக்காது. பிஎஸ்4 காலத்துப் பெரிய லாரிகள் சிலவற்றிலேயே யூரியா டாங்க் வந்துவிட்டது. ஆக இது 2020-இல் முளைத்த புதுமை என்றும் சொல்ல முடியாது.

டிரைவர்கள் யூரியா என்கிறார்கள், பங்கில் டெஃப் என்று எழுதியிருக்கும், சிலர் ஆட்புளூ என்பார்கள். ஆட்புளூ என்பது ஜெர்மன் வாகன உற்பத்தியாளர் சங்கம் பதிவு செய்து வைத்திருக்கும் வணிகப் பெயர். எல்லாம் ஒரே சரக்குதான்: 32.5 சதவீதம் தூய யூரியா, மிச்சம் 67.5 சதவீதம் தாதுக்கள் நீக்கிய தண்ணீர். ஐஎஸ்ஓ 22241 என்ற தரக்குறியீடு இதற்குரியது. வாளியில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

சைலன்சருக்குள் நடப்பதை வரிசையாகச் சொல்கிறேன், பிறகு உதவும். எஞ்சினிலிருந்து வரும் புகை டர்போவைத் தாண்டி முதலில் ஒரு வினையூக்கிக் கட்டிக்குள் போகும். அடுத்து டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி. அதைத் தாண்டியபின் ஒரு சின்ன நாசில் யூரியா கரைசலைப் பனிபோல் பீய்ச்சும். சூட்டில் யூரியா உடைந்து அம்மோனியா ஆகும். அந்த அம்மோனியாவும் நாக்ஸும் எஸ்சிஆர் கட்டிக்குள் சந்தித்து வெறும் நைட்ரஜனும் நீராவியுமாக மாறிப்போகும். கட்டி கல்யாணத் தரகர் மாதிரி, சேர்த்து வைப்பதோடு சரி, தான் செலவாகாது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என நாக்ஸை மோப்பம் பிடிக்கும் சென்சார்கள். முன்னால் எவ்வளவு வந்தது, பின்னால் எவ்வளவு மிஞ்சியது என்று பார்த்துத்தான் கம்ப்யூட்டர் யூரியாவின் அளவைத் தீர்மானிக்கிறது.

புகை சுமார் 200 டிகிரியாவது சூடாக இருந்தால்தான் யூரியா தெளிக்கும். குளிர்ந்த குழாயில் தெளித்தால் உடையாமல் வெள்ளைக் கட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

நோட்டில் ஒரு கட்டம் கூடுதலாக

டீசல் எத்தனை லிட்டர், கிலோமீட்டர் எத்தனை என்று எல்லோரும் எழுதுகிறோம். பிஎஸ்6 வண்டிக்கு இன்னொரு கட்டம் போடுங்கள்: யூரியா எத்தனை லிட்டர். யூரியா லிட்டரை டீசல் லிட்டரால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது வண்டியின் நாடி.

பொதுவாக 100 லிட்டர் டீசலுக்கு 3 முதல் 6 லிட்டர் யூரியா போகும். ஈஜிஆர் இல்லாமல் எஸ்சிஆரை மட்டும் நம்பியிருக்கும் எஞ்சினில் இது இன்னும் கூடும். உங்கள் வண்டிக்கு உரியதை மேனுவலில் பாருங்கள். அதைவிட முக்கியம், வண்டி நன்றாக ஓடுகிறபோது அதற்கென்று ஒரு விகிதம் இருக்கும், அதைத் தெரிந்து வைத்திருப்பது. எங்கள் வண்டிக்கு 5.

கணக்கு சரியாக வர ஒரு நிபந்தனை. இரண்டு டாங்கையும் ஒரே குறி வரை நிரப்பி, ஓட்டி, மறுபடி அதே குறி வரை நிரப்பி, நிரப்பியதை எழுத வேண்டும். டேஷ்போர்டு முள்ளை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது பாதி, முக்கால் என்று குத்துமதிப்பாகத்தான் சொல்லும். ஒரு ட்ரிப்பை வைத்தும் முடிவு கட்டக் கூடாது, மூன்று நான்கு நிரப்பலின் சராசரி வேண்டும். ஒரு வாரம் 640 லிட்டர் டீசலுக்கு 32 லிட்டர் யூரியா என்றால் 5 சதவீதம். அடுத்த வாரம் 610 லிட்டருக்கு 49 லிட்டர் என்றால் 8. லோடும் வழியும் மாறாமல் விகிதம் மட்டும் இப்படித் தாவினால் வண்டி ஏதோ சொல்கிறது.

கூடினால் என்ன? முதலில் கசிவைப் பாருங்கள். இதற்குக் கருவியே வேண்டாம், கண் போதும். யூரியா கரைசல் கசிந்து காய்ந்தால் உப்பளத்துப் பாத்தி ஓரம் மாதிரி வெள்ளையாகப் படியும். டாங்க், பம்ப், ஹோஸ் இணைப்புகள், நாசில் சுற்றி வெள்ளை தெரிந்தால் அங்கேதான் ஓட்டை. வெந்நீர் ஊற்றினால் அந்த வெள்ளை கரையும். துடைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் எந்த இணைப்பு என்று தெரிந்துவிடும்.

கசிவு இல்லையென்றால் எஞ்சினே அதிக நாக்ஸ் உண்டாக்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஈஜிஆர் வால்வு மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால் இப்படி ஆகும். அப்போது வண்டி நன்றாக இழுக்கக்கூட இழுக்கும், டிரைவர் குறையே சொல்ல மாட்டார், யூரியா மட்டும் வாளி வாளியாக இறங்கும். யூரியா நீர்த்துப்போயிருந்தாலும் இதே கதை: ஒரு லிட்டரில் சத்துக் குறைவு, ஆகவே கம்ப்யூட்டர் இன்னும் கொஞ்சம் ஊற்றும். பின்பக்க நாக்ஸ் சென்சார் தவறாகக் காட்டினாலும் ஊற்றும். அந்தச் சென்சாருக்கு ஒரு பலவீனம் உண்டு, அம்மோனியாவையும் நாக்ஸ் என்றே நினைத்துக்கொள்ளும். அளவுக்கு மீறி யூரியா போய் அம்மோனியா மிஞ்சினால், 'இன்னும் நாக்ஸ் இருக்கிறது' என்று அது கணக்குக் காட்டும்.

இன்னொரு ஓட்டையும் உண்டு, அது வண்டியில் இருக்காது. 20 லிட்டர் வாளி என்று பில் இருக்கும், டாங்கில் போனது 15 ஆக இருக்கும். யாரையும் குற்றம் சொல்லவில்லை. வாளியையும் எண்ணுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

குறைந்தால்? இங்கேதான் நாங்கள் ஏமாந்தோம். ஒருமுறை விகிதம் 5-லிருந்து 2-க்கு வந்தபோது "பரவால்லயே, யூரியா மிச்சமாகுது" என்று அப்பா சந்தோஷப்பட்டார். நானும் தலையாட்டினேன். அது மிச்சம் இல்லை. நாசில் வாயில் யூரியா கட்டியாக உறைந்து தெளிப்பே பாதி நின்றிருந்தது. நான்காவது நாள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. லோடு இல்லாமல் ஊருக்குள்ளேயே சுற்றினாலோ, ஏற்றி இறக்கும் இடத்தில் எஞ்சினை அணைக்காமல் மணிக்கணக்கில் நிறுத்திவைத்தாலோ புகை சூடாகாமல் விகிதம் குறையும், அது இயல்பு. ஆனால் முழு லோடோடு தூத்துக்குடி போய்வந்தும் யூரியா முள் அசையவில்லை என்றால் பம்ப், அதற்குள் இருக்கும் ஃபில்டர், நாசில், டாங்கின் அளவு சென்சார் இவற்றில் ஒன்று வேலை செய்யவில்லை. யூரியா பம்புக்கு ஃபில்டர் உண்டு, அதற்கு மாற்றும் காலம் உண்டு என்பதே எங்கள் பக்கம் பலருக்குத் தெரியாது.

மதுரை வெயிலும் வாளியும்

இந்தக் கரைசல் மைனஸ் 11 டிகிரியில்தான் உறையும், எனவே நமக்கு அந்தக் கவலை இல்லை. நமக்கு எதிர்ப்பக்கக் கவலை. 25 டிகிரிக்குள் வைத்தால் 18 மாதம் கெடாது, 30-க்குள் 12 மாதம், 35-க்குள் 6 மாதம். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் சோதித்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும் என்கிறது தரக்குறிப்பு. சித்திரை மாதம் தகரக் கொட்டகைக்குள் என்ன சூடு இருக்கும் என்று மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? மலிவாகக் கிடைக்கிறதென்று இருபது வாளி வாங்கி அடுக்குவது, கேபினுக்குப் பின்னால் வெயிலில் வாளியைக் கட்டித் தொங்கவிடுவது இரண்டும் வேண்டாம். மூடியைத் திறந்ததும் குப்பென்று அம்மோனியா நெடி அடித்தால் சரக்கு கெட்டுக்கொண்டிருக்கிறது.

அடுத்தது ஆசை. "உரக்கடை யூரியாவைக் கரைத்து ஊற்றினால் என்ன?" என்று கேட்காத ஆள் இல்லை. கூடவே கூடாது. வயலுக்குப் போகும் யூரியாவுக்கு 2015 முதல் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயம். பயிருக்கு நல்லது, வினையூக்கிக் கட்டிக்கு அது விஷம். தவிர அது விவசாயிக்கான மானியச் சரக்கு, வேறு வேலைக்குத் திருப்புவதே குற்றம். தண்ணீரும் அப்படித்தான். தரமான கரைசலில் கால்சியம் ஒரு கிலோவுக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நம் நாட்டுக் குடிநீர்த் தரத்திலேயே லிட்டருக்கு 75 மில்லிகிராம் வரை ஏற்பு உண்டு. அதாவது நல்ல குடிதண்ணீரிலேயே அந்த அளவைப்போல் 150 மடங்கு வரை இருக்கலாம். நம் போர்த் தண்ணீர் என்றால், குளியலறைக் குழாயில் படியும் உப்பைப் பாருங்கள், அதுதான் வினையூக்கிக் கட்டியின் ஓட்டைகளிலும் படியும்.

வாங்கியது சரியா என்று பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கைக்கு அடக்கமான கருவி இருக்கிறது. கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் சதவீதம் தெரியும். 31.8-க்கும் 33.2-க்கும் நடுவில் இருந்தால் சரி. லாரி வைத்திருப்பவர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அது செறிவை மட்டும்தான் சொல்லும். வேப்பெண்ணெய், உப்பு கலந்திருப்பதைச் சொல்லாது. அதற்கு நம்பகமான கடை தவிர வழியில்லை.

ஊற்றும் புனலும் தனியாக இருக்கட்டும். டீசலுக்கும் ஆயிலுக்கும் போட்ட புனல் வேண்டாம், பித்தளை, செம்புப் பாத்திரமும் வேண்டாம். யூரியா டாங்கில் டீசலை ஊற்றிவிட்டால் சாவியே போடாதீர்கள். சாவி போட்டால் பம்ப் இழுத்துக் குழாய் முழுக்க அனுப்பிவிடும். அப்படியே நிறுத்தி டாங்கை வடிக்கச் சொல்லுங்கள்.

ஆண்டிபட்டிக் கணவாயில் பட்டது

போன வருஷம் வாழைத்தார் ஏற்றி வந்த வண்டி ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் இரண்டாவது கியரில் ஊர்ந்திருக்கிறது. பின்னால் வந்த பஸ்காரர்கள் ஆரன் அடித்தே கொன்றிருக்கிறார்கள். டிரைவர் தம்பி சொன்னது: "அக்கா, சத்தம் நல்லாத்தான் இருக்கு. புகை இல்ல. ஆனா முழுசா மிதிச்சாலும் ஒரு அளவுக்கு மேல ஏற மாட்டேங்குது."

'மாட்டேங்குது' என்று அவர் வாயிலிருந்தே வந்தது. விளக்கு எரிகிறதா என்றேன். முந்தாநாளிலிருந்தே எரிகிறதாம். சொல்லவில்லையா என்றால், வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்ததாம்.

இந்த மாட்டேன் எப்படி வருகிறது என்பதற்கு எழுதி வைத்த விதி உண்டு. நம் பிஎஸ்6 ஐரோப்பாவின் யூரோ 6-ஐ அடியொற்றியது. யூரோ 6 கனரக வண்டி விதியில் யூரியா டாங்க் 10 சதவீதத்துக்கு வந்ததும் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். 2.5 சதவீதத்துக்குக் கீழே போனால் எஞ்சினின் முறுக்குவிசையில் கால்பங்கு வெட்டப்படும். டாங்க் காலியானால் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரில் கட்டப்படும். யூரியாவின் தரம் சரியில்லை என்றால் எஞ்சின் ஓடும் நேரத்தை வைத்துக் கெடு: 10 மணி நேரத்துக்குள் சரி செய்யாவிட்டால் கால்பங்கு வெட்டு, 20 மணி நேரம் தாண்டினால் 20 கிலோமீட்டர் கட்டு. அந்தக் கடைசிக் கட்டு நடுரோட்டில் சட்டென்று விழாது, பெரும்பாலும் வண்டியை நிறுத்தி அணைத்து மறுபடி எடுக்கும்போதுதான் விழும். டீக்கடையில் நிறுத்தியவன் நகர முடியாமல் நிற்பது இதனால்தான். உங்கள் வண்டிக்குரிய துல்லியமான அளவுகள் மேனுவலில் இருக்கும்.

கால்பங்கு வெட்டு சமதரையில், பாதி லோடில் தெரியவே தெரியாது. அதனால்தான் தம்பிக்கு இரண்டு நாள் உறைக்கவில்லை. கணவாய் ஏறும்போது தெரிந்தது. டாங்கிலிருந்து எடுத்த சொட்டு ரிஃப்ராக்டோமீட்டரில் 24 காட்டியது. வழியில் எங்கோ வாங்கிய வாளி, சீல் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்ததாம். டாங்கை வடித்துக் கழுவிப் புதுசு ஊற்றியபின்னும் உடனே சரியாகவில்லை. கம்ப்யூட்டர் நாம் சொன்னதை நம்பாது. வண்டியை லோடோடு ஓட்டி, சைலன்சர் சூடாகி, பின்பக்கச் சென்சார் 'இப்போது சுத்தம்' என்று காட்டினால்தான் கட்டை அவிழ்க்கும். கோளாறைத் திருத்தாமல், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிக் கோளாறு எண்ணை, அதாவது 'கோட்'-ஐ மட்டும் அழித்துத் தரும் ஆட்களிடம் காசு கொடுக்காதீர்கள், கோட் திரும்ப வந்து நிற்கும்.

நிஜமாகவே முடியாதபோது

விளக்கு எரியவில்லை, யூரியா இருக்கிறது, விகிதமும் சரி, ஆனாலும் இழுக்கவில்லை என்றால் அது பழைய வகை நோய். ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் பழைய வழி இப்போது இல்லை.

எங்கள் பட்டறை அண்ணன் ஒருவர் புகையைப் பார்த்தே நோய் சொல்வார். கரும்புகை என்றால் காற்று போதவில்லை, வெண்புகை என்றால் டீசல் எரியவில்லை, நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. பிஎஸ்6 வண்டியின் பின்னால் நின்று, "இதுல ஒண்ணுமே தெரியலயேம்மா, வாயைக் கட்டிப்போட்ட மாடு மாதிரி இருக்கு" என்றார். சரியாகச் சொன்னார். டிபிஎஃப் வடிகட்டி கரியை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்வதால் காற்று எவ்வளவு குறைந்தாலும் வெளியே கரும்புகை வராது. சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டுத் தேய்த்தால் கூடக் கரி ஒட்டக் கூடாது. ஒட்டினால் வடிகட்டி உடைந்திருக்கிறது.

புகைக்குப் பதிலாக இப்போது பார்க்க வேண்டியது ரீஜென். வடிகட்டியில் சேர்ந்த கரியை வண்டி தானே எரித்துக்கொள்ளும். அதற்காகக் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகச் செலவழித்து வடிகட்டியைச் சுமார் 600 டிகிரி வரை சூடாக்கும். நெடுஞ்சாலையில் ஓடும்போதே பெரும்பாலும் முடிந்துவிடும். ஓட்டம் போதாவிட்டால் நிறுத்தி வைத்துச் செய்யச் சொல்லி விளக்கு வரும். ரீஜென் வழக்கத்தைவிட அடிக்கடி வந்தால் எஞ்சின் அதிகக் கரி கக்குகிறது என்று பொருள். அதாவது அந்தக் காலக் கரும்புகைதான், வேறு வேஷத்தில். ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போவிலிருந்து, காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் வழியாக எஞ்சினுக்குப் போகும் ஹோஸில் கசிவு, இன்ஜெக்டர் கோளாறு, ஈஜிஆர் வால்வு திறந்த நிலையில் சிக்குவது எல்லாமே இப்படித்தான் முகம் காட்டும். இதைப் பார்க்காமல் டிபிஎஃப்-ஐ மட்டும் கழற்றிச் சுத்தம் செய்தால் மாதத்துக்கொரு முறை கழற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

நிறுத்தி வைத்து ரீஜென் செய்யும்போது இடத்தைப் பாருங்கள். காய்ந்த புல், வைக்கோல், குடோன் சுவர் பக்கம் கூடாது. சிவகாசி லோடு ஏற்றுகிறவர்கள் இதை எழுதி கேபினில் ஒட்டிக்கொள்ளுங்கள். ரீஜென் வராமல் நிறுத்திவைக்கும் சுவிட்ச் பல வண்டிகளில் இருக்கிறது, அது இந்த மாதிரி இடங்களுக்குத்தான். ஆனால் போட்டுவிட்டு மறந்தே போனால் வடிகட்டி நிரம்பி, அதற்காகவும் கம்ப்யூட்டர் இழுவையை வெட்டும்.

எஞ்சின் ஆயிலும் இதில் வருகிறது. ஆயில் எரிந்து விடும் சாம்பலை ரீஜென்னால் எரிக்க முடியாது, வடிகட்டியிலேயே தங்கும். அதனால்தான் சிகே-4 போன்ற சாம்பல் குறைந்த ஆயில் கேட்கிறார்கள். பழைய வண்டிக்கு வாங்கிய டிரம்மிலிருந்து புது வண்டிக்கும் ஊற்றுகிற அப்பாமார்களைக் கொஞ்சம் தடுத்து வையுங்கள். எங்கள் வீட்டில் இதற்காக ஒரு சண்டையே நடந்தது.

டீசல் பக்கக் கோளாறு தனி. டீசல் ஃபில்டர் அடைத்தாலும், தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தில் தண்ணீர் சேர்ந்தாலும் வண்டி ஏற்றத்தில் திணறும், சில சமயம் வெட்டி வெட்டி இழுக்கும். கம்ப்யூட்டர் பிடித்து வைத்தால் வெட்டாது, ஒரே சீராக ஒரு அளவோடு நிற்கும். காதில் கேட்டே பிரிக்கக்கூடிய வித்தியாசம் இது.

கோட் என்றால் பயம் வேண்டாம்

ஸ்கேனர் மாட்டினால் பெரிய லாரிகளில் இரண்டு எண் வரும். எஸ்பிஎன் என்பது எந்த இடம், எஃப்எம்ஐ என்பது என்ன கோளாறு. எஸ்பிஎன் 1761 யூரியா டாங்கின் அளவு, 3364 யூரியாவின் தரம், 4364 எஸ்சிஆர் கட்டி நாக்ஸை முறிக்கும் திறன், 3251 டிபிஎஃப்-இன் இரு பக்க அழுத்த வித்தியாசம். 5246 வந்தால் கம்ப்யூட்டர் தண்டனையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அது நோயின் பெயர் இல்லை, தீர்ப்பின் பெயர். கூட வந்திருக்கும் மற்ற எண்தான் நோய்.

எஃப்எம்ஐ 3, 4, 5 மூன்றும் மின்சாரம் சம்பந்தப்பட்டவை: ஷார்ட் அல்லது அறுந்த வயர். இந்த எண்ணோடு நாக்ஸ் சென்சார் கோட் வந்தால் சென்சாரை மாற்றும் முன் வயரைத் தடவிப் பாருங்கள். அந்தச் சென்சார் விலையில் ஒரு நல்ல டயர் வாங்கிவிடலாம். மார்க்கெட்டில் ராத்திரி நிற்கும் வண்டியில் எலி கடித்திருக்கும், வாட்டர் சர்வீஸில் பைப்பை நேராகக் கனெக்டரில் அடித்துப் பச்சை பூத்திருக்கும். சைலன்சர் இணைப்பில் புகை கசிந்தாலும் சென்சார் தப்பாகக் காட்டும்.

பட்டறைகளில் "யூரியாவே வேண்டாம், கட் பண்ணித் தரேன்" என்று ஒரு பெட்டி மாட்டுவார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும் பெட்டி. மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் காற்று மாசு விதியை மீறினால் முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். சட்டத்தை விடுங்கள், அந்தப் பெட்டி மாட்டிய பிறகு வண்டி சொல்வது எதையும் நீங்கள் நம்ப முடியாது, இந்தக் கட்டுரையும் உங்களுக்குப் பயன்படாது.

ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றச் சொல்வேன். பழைய வண்டியில் சாவியைத் திருகியதும் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சையும் அணைத்துவிட்டு இறங்குவார்கள். புது வண்டியில் சாவி அணைத்தபின் யூரியா பம்ப் கொஞ்ச நேரம் ஓடிக் குழாயில் மிஞ்சியதை டாங்குக்குத் திருப்பி இழுக்கும். உற்றுக் கேட்டால் சத்தம் கேட்கும். அதற்குள் கட்-ஆஃபை அணைத்தால் கரைசல் சூட்டு நாசிலில் தங்கி உறைந்து கட்டியாகும். எங்கள் விகிதம் 5-லிருந்து 2-க்கு விழுந்த கதைக்கு இதுதான் மூலம். இப்போது தம்பி இறங்கி, டயரைச் சுற்றித் தட்டிப் பார்த்து, தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கட்-ஆஃப் பக்கம் போகிறார்.

போன மாதம் எட்டயபுரம் தாண்டியதும் மறுபடி போன். "அக்கா, வண்டி இழுக்கல. மஞ்ச லைட்டு எதுவும் இல்ல. யூரியா பாதிக்கு மேல இருக்கு. ஆனா இந்த ட்ரிப்புல மட்டும் ரீஜென் ரெண்டு தடவ வந்துருச்சு. மிதிச்சா உஸ்ஸுனு ஒரு சத்தம்."

நோட்டைப் புரட்டினேன், விகிதம் 5. ஓரங்கட்டிட்டு இன்டர்கூலர் ஹோஸைப் பாரு தம்பி என்றேன். கிளாம்ப் தளர்ந்து ஹோஸ் பாதி கழன்றிருந்தது. ஸ்குரூடிரைவர் வண்டியிலேயே இருந்தது.